உஷார்! மானிட்டர் காட்டும் அரக்கை நம்பி நூலைச் சாயத்தில் போடாதீர்கள்

மேச்சேரி, ஜலகண்டாபுரம், தாரமங்கலம், இளம்பிள்ளை என்று தறிச் சத்தம் ஓயாத ஊர்களில் சேலை டிசைன் போடுகிறவர்களே, அவர்களுக்கு வேலை கொடுக்கும் முதலாளிகளே, ஃபிளெக்ஸ் கடைக்காரர்களே, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ்காரர்களே, ஆல்பம் செய்யும் ஸ்டுடியோக்காரர்களே, கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் மேஜைமேல் இருக்கிற மானிட்டர் சரியான நிறத்தைக் காட்டுகிறது என்று உங்களுக்கு யார் சொன்னது? விற்ற கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். விலை குறைந்த மானிட்டர்களுக்குத் தயாரித்த கம்பெனியும் அப்படி எழுதிக் கொடுப்பதில்லை. நாமாகவே நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்த நம்பிக்கையின் பேரில்தான் கிலோ கிலோவாக நூல் சாயப்பட்டறைக்குப் போகிறது, பத்திரிகைக் கட்டு மெஷினில் ஏறுகிறது.

இன்றைக்கு ஒரு கலர் எப்படி முடிவாகிறது என்று பாருங்கள். டிசைனர் கம்ப்யூட்டரில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், முந்திக்கு ஒரு நிறம் என்று சேர்த்துப் பார்க்கிறார். படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். முதலாளி வண்டியை ஓரங்கட்டி, உச்சி வெயிலில் போனைத் திறந்து பார்த்து, கட்டைவிரலைத் தட்டிவிட்டுக் கிளம்புகிறார். அதே படம் வெளியூர் வியாபாரிக்குப் போகிறது. அவர் ராத்திரி படுத்துக்கொண்டே பார்த்து ஓகே சொல்கிறார். கடைசியில் அது சாயப்பட்டறைக்காரர் கைக்கு வருகிறது, விரிசல் விட்ட ஒரு பழைய போனில். நாலு திரையில் நாலு நிறம் தெரிந்திருக்கிறது. நாலு பேரும் ஒரே நிறத்துக்குச் சம்மதித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரக்கு வந்ததும் பேச்சு ஆரம்பிக்கும். "அண்ணா, நீங்க ஓகே பண்ணுன கலர் தானுங்க இது" என்பார் டிசைனர். "இல்ல தம்பி, நான் போன்ல பாத்தது நல்ல அரக்கு. இது செங்கல் கலர்ல வந்திருக்குது" என்பார் முதலாளி. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அதனாலேயே இந்தப் பேச்சு தீராது, பணமும் திரும்பாது. நூல் கழியில் ஒருமுறை சாயம் ஏறிவிட்டால் அதைவிட இருட்டான நிறத்தைத்தான் மேலே ஏற்ற முடியும். கருப்போ நேவி புளூவோ போட்டு மூடலாம். ஏறின சாயத்தைக் கழற்றலாம் என்று இறங்கினால் நூலின் வலு குறையும். பிரிண்ட் ஆன ஃபிளெக்ஸுக்கும் பத்திரிகைக்கும் அந்த வழிகூடக் கிடையாது.

ஏன் இப்படி? கம்ப்யூட்டர் ஃபைலுக்குள் நிறம் இல்லை, எண்கள்தான் இருக்கின்றன. சிவப்பு இத்தனை, பச்சை இத்தனை, நீலம் இத்தனை. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இந்த மூன்று எண்ணைச் சேர்த்து 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் நிறம் சொல்லலாம். ஆனால் '255 சிவப்பு' என்றால் எந்தச் சிவப்பு என்பதை முடிவு செய்வது அந்தத் திரையில் இருக்கிற வடிகட்டியும், பின்னால் எரிகிற விளக்கும்தான். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1996-ல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து எஸ்ஆர்ஜிபி என்ற பொது அளவை முன்வைத்தன. 1999-ல் அது சர்வதேசத் தரமாகவே ஆனது. இன்றும் இணையத்தில் ஓடுகிற படங்களில் பெரும்பாலானவை அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. அளவு இருக்கிறது. உங்கள் திரை அந்த அளவுக்கு நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

பெரும்பாலும் நிற்பதில்லை. மலிவு லேப்டாப் விளம்பரத்தில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எஸ்ஆர்ஜிபி-யில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிறத்தைத்தான் அது காட்டும் என்று அதற்கு அர்த்தம். மீதி ஒரு பங்கு வெளிறிப்போகும். அந்தத் திரையில் உட்கார்ந்து சேலை டிசைன் செய்தால் எந்தக் கலரும் சப்பென்று இருக்கும், கை தானாகவே எண்ணைக் கூட்டிக்கொண்டு போகும். இன்னொரு பக்கம், நல்ல போன்கள் எஸ்ஆர்ஜிபி-யைத் தாண்டிய நிறத்தையும் காட்டுகின்றன. ஐபோன் 7 வந்த 2016 முதலே ஆப்பிள் போன்களில் அகன்ற நிறப்பரப்பு உண்டு. ஆண்ட்ராய்டு போன்களில் 'விவிட்' என்று ஒரு மோடு, பல போன்களில் பெட்டியிலிருந்து வரும்போதே அதுதான் ஆனில் இருக்கும். அதில் பார்த்தால் சுமாரான சிவப்பும் எரியும். வெளிறின லேப்டாப்பில் கூட்டிவைத்த எண்ணை, எரிகிற போனில் பார்த்து ஒருவர் ஓகே சொல்கிறார். என்ன நடக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். தப்பான திரை தப்பாகக் காட்டுவதோடு நிற்காது. சரியாக இருந்த ஃபைலை உங்கள் கையாலேயே கெடுக்க வைக்கும். கல்யாண ஆல்பம் செய்கிற பையனை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுடைய மானிட்டர் நீலம் தட்டிக் கிடக்கிறது. பல மானிட்டர்கள் கம்பெனி செட்டிங்கிலேயே அப்படித்தான் வருகின்றன. மணப்பெண்ணின் முகம் கொஞ்சம் சோகை பிடித்த மாதிரி தெரிகிறது. அவன் நல்ல மனதோடுதான் மஞ்சளைக் கூட்டுகிறான், கொஞ்சம் சிவப்பும் சேர்க்கிறான். திரையில் முகம் களையாகிவிட்டது. லேபுக்கு அனுப்புகிறான். லேப் மெஷினுக்கு அவன் திரையைப் பற்றி எதுவும் தெரியாது, எண்ணைத்தான் தெரியும். ஆல்பம் வரும்போது பெண்ணுக்கு மஞ்சள் காமாலை வந்த மாதிரி முகம். அவன் லேபைத் திட்டுவான். அடுத்த ஆல்பத்துக்கு வேறு லேப் மாற்றுவான். அங்கேயும் அதே கதைதான் நடக்கும், ஏனென்றால் குற்றம் அவனுக்கு ஒரு முழம் முன்னால், கண்ணுக்கு நேரே இருக்கிறது.

மேச்சேரி பத்ரகாளியம்மன் திருவிழாவுக்கு வைக்கிற ஃபிளெக்ஸிலும் இதே கூத்து. குங்குமச் சிவப்பு பிரிண்டில் வர மெஜந்தாவும் மஞ்சளும் நிறைய வேண்டும். மானிட்டர் சிவப்பு தட்டியிருந்தால் டிசைனர் மெஜந்தாவைக் குறைப்பார், அம்மன் புடவை ஆரஞ்சாக வந்து நிற்கும். மஞ்சளுக்கு இன்னும் ஜாக்கிரதை தேவை. அதில் நாலைந்து சதவீதம் சயான் நுழைந்தாலே மஞ்சள் பச்சை தட்டிவிடும். மங்கலமான மஞ்சளுக்குப் பதில் காய்வெட்டான எலுமிச்சை நிறம் வந்து நிற்கும். தப்பான திரையில் அந்த நாலைந்து சதவீதம் கண்ணுக்கே தெரியாது.

நெசவுக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. நம் ஊர் நிறங்களின் பெயர்களே திரைக்கு அடங்காதவை. மயில் கழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம். துணியைச் சாய்த்தால் நீலம், நிமிர்த்தினால் பச்சை. அந்த ஆட்டத்தை எந்த மானிட்டரும் காட்டாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் காட்டாது. வாடாமல்லியும் அப்படித்தான், போன் கேமராவில் பல சமயம் நீலத்துக்கோ ரோஸுக்கோ ஓடிவிடும். எம்.எஸ்.சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் கொண்டுவந்த எம்.எஸ். ப்ளூ ஒரே ஒரு நீலம். இன்று இணையத்தில் அந்தப் பெயரில் தேடினால் நேவி முதல் ராமர் நீலம் வரை எத்தனை நீலம் வருகிறது பாருங்கள். ஜரிகையின் மினுமினுப்பு இருக்கிறதே, அதற்கு எண்ணே கிடையாது. பெயரைச் சொல்லிக் கலர் பேசுவதும், படத்தைக் காட்டிக் கலர் பேசுவதும் நூல் விஷயத்தில் ஆபத்து என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

"என் கண்ணுக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா கலர் பாக்குறேன்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கண் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் உறுப்பு. நீலம் தட்டிய திரை முன்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் அந்த வெள்ளைதான் வெள்ளை என்று அது ஒப்புக்கொண்டுவிடும். 2015 பிப்ரவரியில் ஒரு கவுனின் போட்டோ உலகம் முழுக்கச் சுற்றியதே, நினைவிருக்கிறதா? பாதிப்பேர் வெள்ளையும் தங்கமும் என்றார்கள், மீதிப்பேர் நீலமும் கருப்பும் என்றார்கள். ஒரே வீட்டில், ஒரே போனைப் பார்த்துக்கொண்டே சண்டை. உண்மையான துணி நீலமும் கருப்பும்தான். ஒரே திரையைப் பார்த்த கண்களுக்கே அந்தக் கதி என்றால், வேறு வேறு திரைகளைப் பார்க்கிற நம் கதி என்ன? ஆண்களில் சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது, பல பேருக்கு அது தமக்கு இருப்பதே தெரியாது. கலர் முடிவு செய்கிற பொறுப்பில் இருப்பவர் ஒருமுறை கண் டாக்டரிடம் போய், இந்தக் குறையைச் சோதிக்கிற இஷிஹாரா புத்தகத்தைப் பார்த்துவிடுவது நல்லது. டிரைவிங் லைசென்ஸுக்குக் காட்டுகிற அக்கறையை லட்ச ரூபாய் சரக்குக்கும் காட்டலாம்.

இப்போது உடனே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் உங்கள் கம்ப்யூட்டருக்குள் சத்தமில்லாமல் நிறத்தை மாற்றிக்கொண்டிருக்கிற திருடர்களைப் பிடியுங்கள். விண்டோஸில் 'நைட் லைட்' என்று ஒன்று உண்டு. 2017-ல் வந்தது. சாயங்காலமானால் தானே திரையை மஞ்சளாக்கும்படி அதை வைக்க முடியும். வீட்டில் யாராவது கண்ணுக்கு நல்லது என்று ஆன் செய்து வைத்திருப்பார்கள். காலையில் போட்ட கலரை ராத்திரி திருத்தினால் தொலைந்தீர்கள். ஆப்பிளில் 'நைட் ஷிஃப்ட்', 'ட்ரூ டோன்'. ஆண்ட்ராய்டு போனில் 'ஐ கம்ஃபர்ட்'. மானிட்டரின் பட்டன் மெனுவுக்குள் 'டைனமிக் கான்ட்ராஸ்ட்', 'கேம் மோடு', 'மூவி மோடு', 'லோ புளூ லைட்'. லேப்டாப்பில் வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி தானே கூடிக் குறைகிற பிரைட்னஸ். டிவியை இரண்டாவது மானிட்டராக மாட்டியிருந்தால் அதன் 'விவிட்' மோடு. இத்தனையையும் அணைத்துவிட்டு, மெனுவில் 'எஸ்ஆர்ஜிபி' என்றோ 'ஸ்டாண்டர்டு' என்றோ இருப்பதில் வையுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. இது மட்டும் செய்தாலே பாதிச் சண்டை குறையும்.

அடுத்தது வெளிச்சம். சின்ன டிசைன் ரூம்கள் பலவற்றில் பச்சைச் சுவர், ஜன்னலுக்கு நேரே மானிட்டர், தலைக்கு மேலே நீலம் தட்டிய எல்இடி டியூப். சுவரின் நிறம் திரையில் விழுந்து கண்ணை ஏமாற்றும். சாம்பல் அல்லது மங்கின வெள்ளைச் சுவர் போதும். ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், திரைச்சீலை போடுங்கள். மானிட்டர் ஆன் செய்து அரைமணி நேரம் சூடான பிறகே நிற வேலையைத் தொடுங்கள். மலிவான டிஎன் பேனல் என்றால் தலையைச் சற்றுத் தூக்கினாலே நிறம் மாறும், அதில் கலர் முடிவே எடுக்காதீர்கள். புதிதாக வாங்கினால் ஐபிஎஸ் பேனலாகப் பார்த்து வாங்குங்கள்.

இதெல்லாம் வாசல் கூட்டுவது. உள்ளே போக வேண்டுமென்றால் அளக்கிற கருவி வேண்டும். மளிகைக் கடையின் எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் அரசு முத்திரை போட வேண்டும். கண்ணால் பார்த்து 'ஒரு கிலோ சரியாத்தான் இருக்கு' என்று சொன்னால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. நிறத்தில் மட்டும் நாம் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறோம்.

அந்தக் கருவிக்குக் கலரிமீட்டர் என்று பெயர். ஸ்பைடர், ஐ1 டிஸ்ப்ளே என்பவை நம்மவர்களுக்கு அதிகம் பழகிய பெயர்கள். கைக்குள் அடங்குகிற சாமான். யுஎஸ்பி-யில் மாட்டி, மானிட்டரின் நடுவில் தொங்கவிட்டு, அறையை இருட்டாக்கிவிட்டு மென்பொருளை ஓடவிட வேண்டும். முதலில் அது உங்களிடம் இலக்கு கேட்கும். நம் வேலைக்கு வெள்ளைப் புள்ளி டி65, அதாவது ஏறக்குறைய 6500 கெல்வின். காமா 2.2. வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலாவுக்குள். கடையிலிருந்து வருகிற மானிட்டர் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருக்கும். 'பிரிண்ட் எப்பவும் டல்லாத்தான் வருது' என்ற புலம்பலுக்கு முக்கால்வாசிக் காரணம் அந்த வெளிச்சம்தான். பிரிண்டில் குற்றமே இல்லாமல் இருக்கலாம்.

பிறகு மானிட்டரின் பட்டனை வைத்துப் பிரைட்னஸையும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவையும் கருவி சொல்கிறபடி கொண்டுவர வேண்டும். இதுதான் காலிபரேஷன். அதற்கப்புறம் திரையில் ஒவ்வொரு நிறக் கட்டமாக வரும். நல்ல சிவப்பு, அடர் நீலம், வெளிர் சாம்பல், கறுஞ்சாம்பல், தோல் நிறம் என்று வரிசையாக. கருவி ஒவ்வொன்றையும் அளந்து, கேட்ட நிறத்துக்கும் காட்டிய நிறத்துக்கும் எவ்வளவு தூரம் என்று எழுதி வைத்துக்கொள்ளும். கடைசியில் அந்தக் கணக்கை ஒரு ஐசிசி புரொஃபைலாகச் சேமிக்கும். 1993-ல் அடோபி, ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், கோடக், அக்ஃபா உள்ளிட்ட எட்டு கம்பெனிகள் கூடி அமைத்த குழுவின் பெயர்தான் ஐசிசி. போட்டோஷாப் போன்ற மென்பொருள்கள் அந்தக் கணக்கைப் படித்து, உங்கள் திரையின் குறையை ஈடுகட்டிக் காட்டும். முடிவில், கேட்ட நிறத்துக்கும் காட்டிய நிறத்துக்கும் உள்ள தூரத்தைச் சொல்கிற 'டெல்டா ஈ' என்று ஒரு எண் வரும். சராசரி 2-க்குக் கீழே இருந்தால் சந்தோஷப்படுங்கள். 4, 5 என்று போனால் அந்தத் திரையில் பில் போடுங்கள், கலர் முடிவு செய்யாதீர்கள்.

கருவியின் விலை சில ஆயிரங்களில் முடியாது, பத்தாயிரத்தைத் தாண்டும். ஒரு கடைக்கு அது பாரம்தான். ஆனால் ஒரு தெருவுக்கு பாரமா? கருவி ஒன்று போதும், மானிட்டர் எத்தனையாக இருந்தாலும் சுற்றுக்கு விடலாம். ஒரு மானிட்டருக்கு மாதம் ஒருமுறை அரைமணி நேரம். சங்கம் இருக்கிற ஊரில் சங்கமே வாங்கி வைக்கலாம். மென்பொருளுக்கும் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. டிஸ்ப்ளேகேல் இலவசம். அதன் அடியில் கணக்குப் போடுகிற ஆர்கில் என்ற தொகுப்பும் இலவசம், கிரேம் கில் என்பவர் எழுதியது. ஒரே ஒரு லாட் சாயம் கெட்டால் ஆகிற நஷ்டத்தோடு இந்தச் செலவை வைத்துப் பாருங்கள்.

காலிபரேஷன் என்ற பெயரில் நடக்கிற ஏமாற்றுகளிலும் உஷாராக இருங்கள். அடுத்த கடைக்காரரின் மானிட்டரும் உங்களுடையதும் ஒரே மாடல்தானே என்று அவருடைய புரொஃபைலைக் காப்பி செய்து போடாதீர்கள். ஒரே நாளில் ஒரே பெட்டியில் வந்த இரண்டு மானிட்டர்களே ஒன்றுபோல் இருக்காது, பழசாகப் பழசாக ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் மங்கும். இணையத்தில் கிடைக்கிற புரொஃபைலும் அப்படித்தான். போனில் ஒரு ஆப்பைப் போட்டு அதன் கேமராவால் மானிட்டரை அளந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்தக் கேமராவையே யாரும் அளந்து சரிசெய்யவில்லை. விண்டோஸுக்குள்ளேயே கண்ணால் பார்த்துச் சரிசெய்கிற ஒரு காலிபரேஷன் வசதி இருக்கிறது. காமாவையும் பிரைட்னஸையும் ஓரளவு சீராக்க அது உதவும், கருவிக்கு ஈடாகாது. கருவி வைத்துச் செய்து முடித்த பிறகு யாரும் மானிட்டர் பட்டனைத் தொடக்கூடாது. தொட்டால் செய்ததெல்லாம் வீண். கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட் ஆன மறுநாள் புரொஃபைல் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள், சில சமயம் சொல்லாமல் கழன்றுவிடும். எச்டிஆர் ஆனில் இருந்தாலும் கணக்குக் குழம்பும்.

கருவி கைக்கு வரும்வரை ஒரு நாட்டு வழி சொல்கிறேன். ஒரு தட்டில் மஞ்சள் கிழங்கு, குங்குமம், வாழையிலைத் துண்டு, வெள்ளை வேட்டித் துணி, நீங்கள் அடிக்கடி பயன்படுத்துகிற நாலு நூல் கழி ஆகியவற்றை வையுங்கள். வாசல் நிழலில் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். அந்தத் தட்டை மானிட்டர் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தைத் திறந்து பாருங்கள். நமக்குப் பிறந்ததிலிருந்து பழகின நிறங்கள் இவை. மேச்சேரி ஆட்டின் வெளிர்பழுப்பு எப்படி இருக்கும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அந்தப் படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடு ரோஸாகவோ பச்சை தட்டியோ தெரிந்தால் உங்கள் திரை ரொம்ப தூரம் விலகிக் கிடக்கிறது என்று அர்த்தம். பெரிய தப்பு மட்டும்தான் இதில் பிடிபடும், நுணுக்கமான தப்பு பிடிபடாது.

பிரிண்டுக்குப் போகிற வேலையில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. பளீர் நீலம், கிளிப்பச்சை, ஒளிர்கிற ஆரஞ்சு மூன்றும் நாலு கலர் மையில் அப்படியே வராது. திரையில் ராயல் நீலமாக இருந்தது பிரிண்டில் ஊதாவாகிவிட்டது என்று எத்தனை பேர் பிரஸ்காரரோடு சண்டை போட்டிருப்பார்கள்! சரியாக அளந்த மானிட்டரில், பிரஸ்காரரிடம் அவருடைய புரொஃபைலைக் கேட்டு வாங்கி, போட்டோஷாப்பில் 'ப்ரூஃப் கலர்ஸ்' போட்டுப் பாருங்கள். அந்த ஊதா அங்கேயே, மை செலவாகாமலே தெரிந்துவிடும். சிவகாசிக்கு காலண்டர் வேலை அனுப்புகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஆல்பம் லேபுக்கு ஃபைல் அனுப்பும்போது எஸ்ஆர்ஜிபி-யில், புரொஃபைலை ஃபைலோடு சேர்த்து அனுப்புங்கள். கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்று வைத்திருந்து அதை மாற்றாமல் அனுப்பினால், அதைப் படிக்கத் தெரியாத மெஷினில் எல்லா முகமும் வெளிறி வரும். பேண்டோன் நம்பர் போட்டுப் பழைய ஃபைல் வைத்திருப்பவர்களும் ஒருமுறை திறந்து பாருங்கள். 2022 கடைசியில் அடோபி மென்பொருள்களிலிருந்து பேண்டோன் புத்தகங்களில் பெரும்பாலானவை எடுக்கப்பட்டன. தனிச் சந்தா கட்டாதவர்களுக்குச் சில பழைய ஃபைல்களில் அந்த நிறங்கள் கருப்பாகவே தெரிந்தன.

இத்தனையும் செய்த பிறகும் நூல் விஷயத்தில் திரை கடைசித் தீர்ப்பு ஆகாது. நம் தேசியக் கொடியைப் பாருங்கள். காவி என்றும் பச்சை என்றும் பெயரோடு விட்டுவிடவில்லை. ஐஎஸ் 1 என்ற இந்தியத் தரத்தில் அந்த நிறங்கள் அளந்த எண்களாகவே எழுதப்பட்டிருக்கின்றன. திருப்பூரில் ஏற்றுமதிக்காரர்கள் போட்டோவைப் பார்த்து ஆர்டர் ஓட்டுவதில்லை. சின்னத் துண்டில் சாயம் போட்டு 'லேப் டிப்' காட்டி, லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பகல் வெளிச்சத்திலும் கடை வெளிச்சத்திலும் பார்த்து, கையெழுத்து வாங்கிய பிறகுதான் லாட் போடுகிறார்கள். இரண்டு வெளிச்சத்தில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. டியூப் லைட்டில் ஒன்றுபோலத் தெரிகிற இரண்டு சாயம் வெயிலில் வேறு வேறாகத் தெரியும். நம் வீட்டுப் பெண்கள் சேலைக் கடையில் "இருங்க, வெளிச்சத்துல பாத்துட்டு வரேன்" என்று வாசலுக்குத் துணியை எடுத்துப் போகிறார்களே, அதுதான் சரியான பரிசோதனை. அந்தப் புத்தியை நாம் தொழிலில் கைவிட்டுவிட்டோம்.

கேட்லாக் போட்டோ எடுத்து ஆன்லைனில் விற்கிற இளம்பிள்ளைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வாங்குகிறவருடைய போனை நீங்கள் திருத்த முடியாது. உங்கள் பக்கத்தைத் திருத்த முடியும். போட்டோ எடுக்கும் இடத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து முதல் படத்தை எடுங்கள், அதை வைத்து வெள்ளையைச் சரிசெய்யுங்கள். ஃபில்டர் போடாதீர்கள். சேலையின் ஷேடு கார்டு நம்பரை விவரத்தில் எழுதுங்கள். பகலில் கையில் பிடித்து எடுத்த ஒரு சின்ன வீடியோவைச் சேருங்கள், மயில் கழுத்துக்கு அது ஒன்றுதான் வழி. டிசைனை ஆட்களுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், படம் நசுங்காமல் போகும்.

அடுத்த பண்டிகை ஆர்டர் சாயப்பட்டறைக்குப் போவதற்கு முன், முதலாளிகள் ஒரு விதியைப் போட்டுவிடுங்கள்: போனில் வந்த ஓகே செல்லாது. ஷேடு கார்டு நம்பரும், சாயம் போட்ட நூல் துண்டும், அதன்மேல் தேதியோடு கையெழுத்தும் இல்லாமல் ஒரு கழிகூடத் தொட்டியில் இறங்கக் கூடாது. டிசைனர்களே, இன்றைக்கு ராத்திரியே நைட் லைட்டை அணையுங்கள், பிரைட்னஸைக் குறையுங்கள், பக்கத்துக் கடைக்காரரிடம் கலரிமீட்டருக்குப் பங்கு கேளுங்கள்.